யாரும் தைக்காத கோட்டு

பாக்கெட்டின் கோட்டிலிருந்து மூன்றாவது பட்டன் பிய்த்துக்கொண்டு பறந்தபோது தையல் கூடத்தில் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தால்கூட, யாரோ ஒருத்தி நூல் பாபினைக் கீழே போட்டுவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். ஆனாலும் அந்தப் பட்டன் பறந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சும்மாவும் பறக்கவில்லை. டியூப் லைட்டில் மோதி, ஃபேன் இறக்கையில் ஏறி ஒரு சுற்று சவாரி செய்து, சூப்பர்வைசர் குடித்துக்கொண்டிருந்த டீயில் விழுந்து குளித்தது. டீக்குள் விழவில்லை, டம்ளருக்குப் பக்கத்தில்தான் விழுந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் உண்மையைத் தவிர வேறெதற்கும் லாயக்கில்லாதவர்கள்.

பாக்கெட் என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தத் துணிக் கம்பெனியில் ஒருத்தி எதைத் தைக்கிறாளோ அதுதான் அவள். ஒரு சட்டையை ஒருத்தியே முழுசாகத் தைக்கிற வழக்கம் அங்கே கிடையாது. கட்டிங் மேசையிலிருந்து துண்டு துண்டாக வரும். காலர் வைக்க ஒருத்தி, கை ஏற்ற ஒருத்தி, முதுகை முன்பக்கத்தோடு இணைக்க ஒருத்தி, கடைசியில் பட்டன் வைக்க ஒருத்தி. கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்து பாக்கெட்டையே தைத்துவந்தவள் பாக்கெட் ஆனாள். “முதுகுக்குக் காய்ச்சல்”, “காலரக்காவுக்கும் கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை”, “பட்டனைப் பெண் பார்த்துட்டுப் போயிருக்காங்க” என்றெல்லாம் அங்கே பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால் மயக்கம் போட்டு விழுவான். அந்த லைனில் முழு மனுஷி என்று ஒருத்தியைத் தேடினால் கிடைக்க மாட்டாள். உறுப்பு உறுப்பாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

சூப்பர்வைசருக்கு ‘ம்ஹும்’ என்று பெயர். லீவு கேட்டாலும் ம்ஹும், விளக்கு எரியவில்லை என்றாலும் ம்ஹும். அன்றைக்கு மனுஷன் எழுந்து வந்து பாக்கெட்டின் வயிற்றைப் பார்க்காமல், பட்டன் இருந்த இடத்தை மட்டும் பார்க்கப் பெரும்பாடு பட்டார். ஆறு மாத வயிறு. பார்க்கக் கூடாது என்றால்தான் கண்ணுக்குள் வந்து நிற்கும். ஒரு வாரமாக அவள் பட்டன் ஓட்டையில் ரப்பர் பேண்டைக் கோத்து, அதைப் பட்டனில் மாட்டி, இல்லாத இரண்டு அங்குலத்தை இருப்பதாகக் காட்டி ஏமாற்றிவந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. 

மிஷின் முன்னால் உட்காருகிறவர்கள் நீலக் கோட்டு போட்டு, எல்லாப் பட்டனையும் பூட்டியிருக்க வேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. தொங்குகிற துணி மிஷின் பெல்ட்டில் சிக்கி ஒருத்தியின் தோளைப் பெயர்த்துவிட்ட பிறகு போட்ட கட்டளை என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது.

திங்கட்கிழமை கோட்டு பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஷினில் உட்கார முடியாது, வீட்டில் இருந்து பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வா என்றார் ம்ஹும். அவராகச் சொன்னதிலேயே அதுதான் மிக நீளமான பேச்சு.

வீட்டில் இரு என்றால் கூலி இல்லாமல் இரு என்று அர்த்தம். திரும்பி வருவதற்குள் அவளுடைய நாற்காலியில் வேறொரு பாக்கெட் முளைத்துவிடும்.

ஸ்டோரில் போய்ப் பெரிய அளவுக் கோட்டு கேட்டாள். மழை முடிந்ததும் வரும் என்றார் ஸ்டோர்க்காரர். அவர் வரும் என்று சொன்ன நூல்கண்டுக்குக் காத்திருந்தே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போனவர்கள் உண்டு.

வீட்டுக்கு அவள் நனைந்துகொண்டு வந்தாள். குடை புருஷனிடம் இருந்தது. புருஷன் வீட்டுக்குள் இருந்தான். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை அவனுக்கு. மழை பிடித்துக்கொண்டதிலிருந்து ஊரில் ஒரு சுவர் காயவில்லை. காயாத சுவரில் அடித்த பெயிண்ட் பாம்புச் சட்டையாக உரிந்து வரும் என்று யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால், டப்பாவின் அடியில் மிஞ்சிய பெயிண்டையெல்லாம் கொண்டு தாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கே அடித்துக்கொண்டிருந்தான். பச்சைக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் வெள்ளை என்று அடித்ததில் சுவர் தடித்து அறை சிறுத்துக்கொண்டே வந்தது. மழை இன்னும் ஒரு மாதம் நீடித்திருந்தால் மூன்று பேரும் நின்றுகொண்டுதான் தூங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் அவன் அம்மா. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெங்காயம் உரித்துக்கொடுக்கிறவள். மூட்டை வீட்டுக்கே வரும். நாள் முழுக்கக் கண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் அவள் எப்போது அழுகிறாள், எப்போது உரிக்கிறாள் என்று பெற்ற பிள்ளைக்கே தெரியாது. 

மருமகள் விஷயத்தைச் சொன்னதும் புருஷன் ஆணியில் தொங்கிய தன் பெயிண்ட் கோட்டை எடுத்து நீட்டினான். அகலமான கோட்டுதான். ஆனால் அதில் நாற்பது வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றிக் கீழே வைத்தால் அதுவாக நிற்கும்.

“இதைப் போட்டுக்கிட்டு மிஷின்ல உட்காந்தா தைக்கிற துணியெல்லாம் கலர் கலரா போகும்” என்றாள் பாக்கெட்.

“கலரா இருந்தா நல்லதுதானே. எப்பப் பாரு நீலம்” என்றான் அவன்.

“டேய், நீ சும்மா இரு” என்றாள் மாமியார். “உன்னைச் சுமந்தப்ப எனக்கு எதுவுமே பத்தலை. ஜன்னல் திரையைக் கழட்டிச் சுத்திக்கிட்டேன். அதனாலதான் நீ காத்தடிக்கிற பக்கமெல்லாம் ஆடுற.”

பாக்கெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கணுக்கால் இருந்த இடம் தெரியவில்லை. சென்ற முறை பரிசோதனைக்குப் போனபோது, ரத்தம் குறைவாக இருக்கிறது, தினம் ஒரு முட்டை சாப்பிடு, மூச்சைப் பிடிக்கிற மாதிரி எதையும் இறுக்கிப் போடாதே என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். முட்டைக்கு வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போக இறுக்கிப் போட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே உட்கார்ந்து ரத்தம் ஊறுவது என்பதை அந்த நர்ஸம்மா சொல்லவில்லை.

“கோட்டு பூட்டலைன்னா போயிட்டுப் போகுது” என்றாள் மாமியார், கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே. “பிள்ளை பத்திரமா உள்ள இருக்கணும். வேலையை விட்டுடு.”

“விட்டுட்டு, அத்தை?”

“இன்னும் ரெண்டு மூட்டை கூடுதலா கேட்டு வாங்குறேன்.”

அந்தக் கையைப் பாக்கெட் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெங்காயச் சாறு பட்டு வெடித்திருந்தது. சோறு பிசைய முடியாமல் கொஞ்ச நாளாக ஸ்பூனில் சாப்பிடுகிறவள் கூடுதலாக இரண்டு மூட்டை கேட்கிறாள்.

“ஞாயித்துக்கிழமை கடைக்குப் போய்ப் பாக்கலாங்க” என்றாள் புருஷனிடம்.

பெரிய கடைத்தெருவில் கண்ணாடி போட்ட கடை அது. முகப்பில் ஒரு பொம்மைக்குப் பஞ்சு வைத்து வயிறு செய்து, அந்த வயிற்றுக்கு மேல் கோட்டு மாட்டியிருந்தார்கள். பெறாத பொம்மைக்கு அத்தனை அலங்காரம். பாக்கெட் முதலில் துணியைத் தொடவில்லை, கோட்டின் பையைத் தொட்டாள். உள்ளே விரலை விட்டு ஓரம் மடித்திருக்கிறார்களா என்று பார்த்தாள். மடிக்கவில்லை. நாலு தடவை துவைத்தால் பிரியும் என்று மனசுக்குள் மார்க் போட்டுவிட்டுத்தான் விலைச் சீட்டைத் திருப்பினாள். எட்டிப் பார்த்த புருஷன், கடைக்காரரின் போன் நம்பரை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தான். விலை என்று புரிந்ததும் கடைப் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டான்: “இந்த விலைக்குப் பிள்ளையையும் சேத்துத் தந்துருவீங்களாம்மா?”

கடைப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளி திரும்பிய நேரம் பார்த்து, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பழைய துணியைக் குவித்து விற்கிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள் அக்கா என்று காதோடு சொன்னாள்.

அந்தக் குவியல் ஒரு சின்ன மலை. மேலே தார்ப்பாய் கட்டி மழைக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஏறி இறங்க வழிகாட்டி ஒருவர்தான் இல்லை. பாக்கெட் கை விட்டுத் துழாவியதில் ஒரு கோட்டின் ஓரம் தட்டுப்பட்டது. நல்ல அகலம், நீலம்கூட. இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ இழுத்தார்கள். துணி மேலே வந்தபோது ஒரு கையை அவளும் மறு கையை ஒரு சமையற்காரரும் பிடித்திருந்தார்கள். அவருக்கும் வயிறு இருந்தது. அவளுடையதைவிட மூத்த வயிறு. அவர் அவளைப் பார்த்தார், விட்டுவிடத்தான் நினைத்தார். அதற்குள் தோள் தையல் படாரென்று பிரிந்து ஆளுக்குப் பாதி வந்துவிட்டது. இருவரும் அவரவர் பாதியை நல்லபடியாக மடித்து வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

கடைசியில் கிடைத்தது ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. உள்ளே போட்டுக்கொள்ளலாம், மேலே பூட்டுவதற்குக் கோட்டு இல்லை. திரும்பும் வழியில் அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தாள். புருஷன் குடையை அவளுக்குப் பிடித்துவிட்டு மழையில் நின்றான்.

“பிள்ளை அசையுதா?” என்றான்.

“காலையில அசைஞ்சுது.”

“இப்ப?”

“அதுவும் உங்களை மாதிரிதான். மழைன்னா சும்மா இருக்கும்” என்றாள். அவன் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. தூரிகை பிடிக்கிற கையால் அவள் தலையில் விழுந்த சொட்டுகளைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

திங்கட்கிழமை அவள் போனது வேலை செய்வதற்கு இல்லை. தன் கத்திரியையும் நாற்காலி மெத்தையையும் எடுத்துக்கொண்டு சொல்லிவிட்டு வருவதற்கு. உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் காலரக்கா அவள் கையைப் பிடித்துக் கைகழுவும் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே கையும் முதுகும் பட்டனும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். காலரக்காவும் கையும் ஒரே அறையில் நிற்பதே அதிசயம். ஒரு டீ டம்ளர் விவகாரத்தில் அவர்கள் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.

பட்டன் தன் கோட்டுக்குள்ளிருந்து இன்னொரு கோட்டை எடுத்தாள். நீலம். கம்பெனிக் கோட்டைவிட நிறம் ஒரு சாயல் அழுத்தம்.

சனிக்கிழமை பாக்கெட் வீட்டுக்குப் போன பிறகு, ஓவர்டைமில் நடந்திருக்கிறது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரி ஆட்களுக்கான கோட்டு ஆர்டர். கறை பட்டது, நூல் இழுத்தது என்று ஒதுக்கிய துண்டுகள் ரிஜெக்ட் பெட்டியில் கிடந்தன. ம்ஹும் டீ குடிக்கப் போனபோது காலரக்கா துண்டுகளை எடுத்து லைனில் விட்டாள். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆர்டர் துணியோடு துணியாக அது ஒரு மிஷினிலிருந்து அடுத்த மிஷினுக்கு நகர்ந்தது. யாருக்கென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தெரிந்ததுதான் வினையாயிற்று. வயிற்றுப் பிள்ளைக்காரி ஆயிற்றே என்று முதுகுக்காரி பக்கத்துக்கு நாலு விரல் கூட விட்டாள். கைக்காரி, உடம்பு வீங்கும் என்று கைக்குழியில் நாலு விரல் கூட விட்டாள். காலரக்கா கழுத்தைத் தளர்த்தினாள். பட்டன் தன் பங்குக்கு முன்பக்கத்தில் ஒரு பட்டையை ஒட்டுப்போட்டு நீட்டினாள். லைனில் அடுத்தவள் வேலையைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை. பார்த்தால் தன் கணக்குப் பின்தங்கும். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் கூட விட்டதாக நினைத்துப் பெருமையோடு அடுத்தவளிடம் தள்ளியிருக்கிறாள்.

பாக்கெட் போட்டுப் பார்த்தாள். கோட்டுக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. அவளும் வயிறும் போக, ம்ஹும் சாரையும் அவர் டீயையும் ஸ்டோர்க்காரரையும் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தலாம்.

“யாருடி இவ்வளவு விட்டது?” என்றாள் காலரக்கா.

“நான் நாலு விரல்தான் விட்டேன்” என்றாள் முதுகு.

“நானும் நாலு விரல்தான்” என்றாள் கை. காலரக்காவைப் பார்த்து இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன முதல் வார்த்தை.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளியிருக்கிறார்களே தவிர, அந்த நாலு பேரில் ஒருத்திகூட உயிருள்ள உடம்பைச் சுற்றி இன்ச் டேப் பிடித்ததில்லை. அட்டையில் வரைந்த அளவுதான் அவர்களுக்குத் தெரியும். காலரக்கா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, பாக்கெட்டைத் திரும்பச் சொல்லி, முதுகில் இரண்டு பெரிய மடிப்பு பிடித்தாள். கை அதைக் குத்திப் பிடிக்க, முதுகு கைத்தையல் ஓட்டினாள். முன்னால் வயிற்றின் மேல் மட்டும் துணி தாராளமாக நின்றது. பட்டன்கள் ஒன்றுவிடாமல் பூட்டின. பாக்கெட் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அது அடிவயிறு வரைக்கும் போயிற்று. அழுகை வந்தது. வெங்காயம் இல்லாத இடம் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

ம்ஹும் வந்து பார்த்தார். பட்டன் பூட்டியிருந்தது. ம்ஹும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்றைக்கு முழுக்கப் பாக்கெட் தைத்தாள்.

சாயங்காலம் கேட்டில் பிடிபட்டாள்.

கேட்டம்மா என்று ஒருத்தி. வேலை முடிந்து போகிற பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. கண் அப்படிப்பட்ட கண். எறும்பு சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு போனால் அதையும் நிறுத்தி விசாரிப்பாள். பாக்கெட்டின் தோளைத் தொட்டவள் விளக்கடிக்கு இழுத்துக் கோட்டைப் பார்த்தாள். சாயல் மாற்றத்தை ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். இது ஆர்டர் துணி என்றாள். ம்ஹும் வரவழைக்கப்பட்டார். பின்னால் நின்ற வரிசை அப்படியே நின்றது. வெளியே மழை பிடித்து ஊற்றியது.

“யார் தைச்சது?” என்றார் ம்ஹும்.

பாக்கெட், நான்தான் சார் என்றாள். அவர் அவளைச் சுற்றிவந்து பார்த்தார். அந்தக் கூடத்தின் தையல் ஒவ்வொன்றும் அவருக்குக் கையெழுத்து மாதிரி. பார்த்துக்கொண்டே வந்தவர் இடுப்புப் பக்கம் வந்ததும் நின்றார்.

“நீ தைச்சதுன்னா இதுல பாக்கெட் எங்கே?”

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. கோட்டில் பாக்கெட் இல்லை. அவளுக்குத் தெரியாமல் தைத்ததில் அவள் பங்கு மட்டும் விட்டுப்போயிருந்தது.

வரிசையிலிருந்து காலரக்கா முன்னால் வந்தாள். “காலர் மட்டும் நான் வச்சேன் சார்.”

“கை மட்டும்தான் நான்” என்றாள் அடுத்தவள். முதுகு மட்டும்தான் நான் என்றாள் முதுகு. பட்டன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

“அப்ப கோட்டை யார் தைச்சது?”

காலரக்கா கொஞ்சம் யோசித்தாள். “கோட்டை யாரும் தைக்கலை சார்” என்றாள்.

நியாயம்தான். அந்தக் கம்பெனியில் இதுவரை யாரும் எதையும் தைத்ததில்லை. ஆனால் ம்ஹும் சிரிக்கவில்லை. மாடியில் மேனேஜர் அறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. ம்ஹும்முக்கும் வீட்டில் சோறு தின்கிற வாய்கள் உண்டு. இந்த மாதம் இந்த லைனுக்கு ஓவர்டைம் கிடையாது என்றார். ஓவர்டைம் இல்லாத மாதம் எப்படி இருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். காலரக்காவுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, கைக்காரிக்கு வாடகை. துணியை என்ன செய்வது என்று கேட்டம்மா கேட்டாள். ரிஜெக்ட் துணிக்கு உண்டானதைச் செய் என்றார் அவர்.

ரிஜெக்ட் துணிக்கு உண்டானது கத்திரி. கம்பெனித் துணி முழுசாக வெளியே போனால் யாராவது விற்றுவிடுவார்கள் என்று, ஒதுக்கிய பீஸ் ஒவ்வொன்றையும் குறுக்கே கிழித்துவிடுவாள் கேட்டம்மா. கிழித்த பிறகு அது வேஸ்ட் துணி. வண்டி துடைக்க, தரை துடைக்க யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். அதற்கென்று ஒரு கத்திரி வைத்திருந்தாள். அதைப் பார்த்தாலே துணி தானாகக் கிழிந்துவிடும்.

“கழட்டு” என்றாள்.

உள்ளே குவியலில் எடுத்த சட்டை, அதுவும் மேல் இரண்டு பட்டன்தான் பூட்டும். வாசலில் லாரி ஆட்களும் காவல்காரர்களும் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள். பாக்கெட் இரண்டு கையாலும் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். கழட்ட மாட்டேன் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கேட்டம்மா கத்திரியோடு கிட்டே வந்தாள். முன்பக்கத்துத் துணியைப் பிடித்து இழுத்துக் கத்திரியின் வாயைத் திறந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் வயிறு. கத்திரி மூடவும் இல்லை, விலகவும் இல்லை.

“அக்கா, குடுங்க” என்றாள் பாக்கெட். “வெட்டணும், அவ்வளவுதானே. நானே வெட்டுறேன்.”

கேட்டம்மா ம்ஹும்மைப் பார்த்தாள். அவர் மழையைப் பார்த்தார். கத்திரி கை மாறியது.

பாக்கெட் கோட்டின் வலது பக்கத்தைப் பிடித்தாள். இடுப்புக்குக் கீழே, பக்கத் தையலுக்கு முன்னால், ஒரு கை நுழைகிற நீளத்துக்குச் சாய்வாக ஒரே வெட்டு வெட்டினாள். அளவு பார்க்கவில்லை. ஆயிரம் தடவை கை போன வழி அது. கத்திரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக நின்றாள்.

கேட்டம்மா குனிந்து வெட்டைப் பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். எங்கே வெட்ட வேண்டும் என்று கட்டளையில் இல்லை.

“வெட்டியாச்சு சார்” என்றாள். “வேஸ்ட் துணி. போகலாம்.”

ம்ஹும் அந்த வெட்டையும் பட்டன்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “நாளைக்கும் பட்டன் பூட்டியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு மாடிப் படியைப் பார்த்து நடந்தார்.

ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. காலரக்காவும் கையும் ஒரே குடைக்குள் நடந்தார்கள், ஆளுக்கு ஒரு தோள் நனைய. பாக்கெட்டுக்குக் கோட்டு கனத்தது. இந்த மாதம் முழுக்க நாலு வீட்டுச் சட்டியில் என்ன குறையும் என்று அவளுக்குத் தெரியும். அதையெல்லாம் தன் மேல் பூட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

“அக்கா” என்றாள். “என்னாலதானே உங்க எல்லாருக்கும்…”

“உன்னால என்னடி?” என்றாள் காலரக்கா, திரும்பாமலே. “அந்தக் கோட்டை யாரும் தைக்கலைன்னு இப்பதானே அத்தனை பேர் முன்னால சொல்லிட்டு வந்தேன். யாரும் தைக்காத கோட்டுக்கு யாருடி காசு கேக்கப் போறா? தண்ணியைப் பாத்து நட.”

மழைக் காற்று அடித்தது. பாக்கெட்டின் கை பழக்கத்தில் குளிருக்கு ஒதுங்க இடம் தேடி, அந்த வெட்டுக்குள் போயிற்று. உள்ளே பை இல்லை. கை நேராக வயிற்றில் போய் நின்றது. சூடாக இருந்தது. உள்ளே இருந்தது அசையுமா என்று கையை எடுக்காமல், தண்ணீரைப் பார்த்து, அடிமேல் அடி வைத்து நடந்தாள்.